மிச்சமிருந்த ஆறு மீட்டர்

அக்காவின் கணவர் முத்தரசுவை நான் மச்சான் என்பேன். அவருக்கு வேலை வடக்கே, கங்கையின் குறுக்கே எழும்பும் ஒரு பாலத்தில். இரண்டு உயரமான தூண்களிலிருந்து விசிறிபோல இரும்பு வடங்கள் இறங்கிச் சாலையைத் தூக்கிப் பிடிக்கும். ஜாக்கி வைத்து அந்த வடங்களை இழுத்து விறைப்பேற்றும் குழுவுக்கு அவர்தான் ஃபோர்மேன். நான்கு வருடத்தில் தொண்ணூற்றாறு வடம். இரு பக்கமிருந்தும் நீண்டு வந்த சாலைக்கு நடுவே மிச்சமிருந்தது ஆறு மீட்டர்.

"அது சேர்றப்ப மொத ஆளா நான் அங்குட்டுக் கால வைக்கணும் மாப்ள."

வேறெதையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதாக நினைவில்லை. கல்யாணச் சட்டையைக்கூட அக்காதான் எடுத்தாள்.

இணைப்பு அடுத்த மாதம்தான் என்று எஞ்சினியர் சொன்னதை நம்பி, பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தார். மாரியம்மன் திருவிழா. உயரத்தில் நிற்கிற மகனுக்காக அவர் அம்மா பொன்னுத்தாயி நேர்ந்துகொண்ட பால்குடம் மூன்று வருடமாகத் தவறியிருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் எட்டாம் நாள் அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது.

புதன்கிழமை போன் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதாம். இணைப்பை வரும் செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள். வெயில் ஏறினால் இரும்பு நீளும் என்பதால் விடியலிலேயே சேர்ப்பார்கள்.

பூசாரி சோணையைத் தேடிப் போனோம்.

"கட்டுனது நீங்கதானண்ணே. அவுக்க ஒரு வழி சொல்லுங்க," என்றார் மச்சான்.

"கட்டத் தெரியும். எட்டாம் நாளு அவுக்கத் தெரியும். ஊடால எனக்கு ஒண்ணுந் தெரியாது."

"பாலம்ணே."

"ஆத்துலதான கெடக்கு? எங்குட்டு ஓடிரப் போவுது?"

வீட்டில் அக்கா நாகவல்லி தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "போகணும்னா வெட்டிட்டுப் போங்க. எட்டு நாளும் இந்த மொகத்த ஆரு பாத்துக்கிட்டு இருக்குறது?"

"வெட்டுடி, நீயே வெட்டு," என்றார் பொன்னுத்தாயி அத்தை. "நாளைக்கு அவன் மேல ஏறயில நீயே கீழ பாய விரிச்சுப் புடி."

மச்சான் கத்தரிக்கோலை எடுத்து நூலுக்கடியில் நுழைத்தார். பிறகு உருவிக் கீழே வைத்தார்.

"சாமிக்காக இல்ல மாப்ள. நூறு மீட்டர் மேல நிக்கயில, இதக் கத்தரிச்சுட்டு வந்தோம்னு ஒரு நெனப்பு வந்துச்சுன்னா போதும். கை வழுக்கிரும்."

அதன்பின் அவர் காரைக்குடி பஸ் போகும்போதெல்லாம் எழுந்து வாசலுக்கு வருவார். டீக்கடையில் ஒருவர், "என்ன முத்தரசு, ஒன்னைய விட்டுட்டு ஒன் பாலம் கல்யாணம் பண்ணிக்கிருதாமுல்ல," என்றார். மச்சான் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

செவ்வாய் விடியலில் பால்குடம் கிளம்பியது. வரிசையில் நான்காவதாக மச்சான். இரண்டு கையும் தலைமேல் குடத்தில் இருந்தன. அவர் மடியில் போன் அடித்தது.

"எடு மாப்ள."

வீடியோ கால். நான் பின்பக்கமாக நடந்தபடி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சாம்பல் நிற ஆறு, மஞ்சள் ஹெல்மெட்டுகள். கொட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆறு மீட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் இரும்புத் தளம் இருந்தது. ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டே அதன்மேல் நடந்து அந்தப் பக்கம் போனான்.

மச்சான் முகத்தை முன்னால் நீட்டினார். பால் நெற்றியில் வழிந்தது.

"போன வருசம் ஏணியில ஏறவே அழுதான். நாந்தான் கையப் புடிச்சு ஏத்துனேன்."

"பாலு சிந்துதுடா, நேரா நட," என்றார் அத்தை பின்னாலிருந்து.

அவர் நேராக நடந்தார். நான் போனை அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஊருணிக் கரையில் சோணை காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டார்.

"இனி நீ தாராளமாப் போகலாம்ப்பா."

"எங்க?" என்றார் மச்சான்.