சீக்காளியை எழுப்பிய வண்டி

இன்றைக்கு ஹட்டன் கடைவீதியில் இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் திண்டாடிப் போனேன்.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவன் நான். மழையானாலும் பனியானாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போக ஒரு வண்டி வேண்டும்.

ஒன்று சின்னது. சேறு மேலே தெறிக்காது, ஆனால் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். மற்றது எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை போன வாரம் கார் வாங்கியதும் விற்ற வண்டி. எந்த மேடும் அதற்கு மேடே இல்லை.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கடைக்காரர் துரை வண்டியைக் கொடுத்தார்.

தூறலில் தோட்டத்துக்கு ஏறினேன். துரை வண்டியின் சத்தம் கேட்டதும் கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சு நின்றது. கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, காரணமே இல்லாமல் அதட்ட ஆரம்பித்தார்.

லயத்தில் வண்டியை நிறுத்தினால், காய்ச்சலுக்கு நான் படுக்கச் சொல்லியிருந்த கருப்பையா கம்பளியோடு வெளியே ஓடிவருகிறார்.

"சலாங்க தொரை! இதோ மலைக்கு வேலைக்குக் கெளம்பிட்டேங்க!"

தொப்பியைக் கழற்றினேன்.

"அட, நம்ம மருந்தய்யாவா!" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி முத்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, நீங்க மெதுவாவே வாங்க. இந்தச் சத்தத்துல வந்தீங்கன்னா சீக்காளி ஒருத்தரும் லயத்துல இருக்க மாட்டாங்க."

சின்ன வண்டியையே வாங்கிவிட்டேன். மேட்டில் இறங்கித் தள்ளினால் போகிறது.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. என் மருந்து எதுவும் கருப்பையாவை அவ்வளவு வேகமாக எழுப்பியதில்லையே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?