புனிதரின் சுண்டுவிரல்

கடற்கரை விடுமுறை என்று சொல்லிக்கொண்டு, மெக்சிக்கோவில் கடலே இல்லாத ஓர் ஊருக்குப் போன ஒரே மொன்றியல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பிழை அப்பாவுடையது. இணையத்தில் நீலத் தண்ணீரின் படத்தைக் கண்டதும் முன்பதிவு செய்துவிட்டார். அது கடல் அல்ல, பழைய பண்ணை வீடொன்றின் நீச்சல் குளம். ஒரு காலத்தில் வயலுக்கு நீர் தேக்கிய தொட்டியாம்.

அக்கா மட்டும் கோபிக்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. மொன்றியலில், சென்ட் லோரன்டில் எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துக் குளத்தில் நீந்தப் பழகி, அந்த வருடம்தான் தலைகீழாகப் பாயத் தொடங்கியிருந்தாள். அங்கே நீந்துகிற ஒரு கோட்டுக்குள் பத்துப் பேர். இங்கே அவ்வளவு தண்ணீரும் அவளுக்கே. முதல் இரண்டு நாளும் அவளைச் சாப்பிடக் கூப்பிட அம்மா குளத்துக்குள் இறங்காத குறை.

எனக்கு ஒன்பது வயது. நீச்சலும் சரியாக வராது, வேலையும் இல்லை. அதுதான் ஆபத்து.

அந்த வீட்டுக்காரர் முன்னாளில் பெரிய நிலக்காரர். நிலமெல்லாம் போய் வீடு மட்டும் மிஞ்ச, அதை விடுதியாக்கிக் குடும்பமாக நடத்தினார்கள். மகன் பெட்டி தூக்குவார், மருமகள் சமைப்பார். வயதான வீட்டுக்கார அம்மா வருகிறவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழைய பொருட்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். தொடக்கூடாது என்பதை எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும்படி விரலை ஆட்டிச் சொல்வார். முற்றத்து மூலையில் ஒரு சின்னத் தேவாலயம். அதற்குள் ஆள் உயரத்தில் ஒரு மரப் புனிதர், ஒரு கையை நீட்டியபடி நின்றார்.

மனிதர் எவ்வளவு காலத்துக்குத்தான் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்? மூன்றாம் நாள் காலையில் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிக் கைகொடுத்தேன். கையை எடுத்தபோது அவருடைய சுண்டுவிரல் என்னிடம் இருந்தது.

காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அறைக்கு ஓடினால், வாசலில் அம்மா நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உள்ளுக்குப் போகாதை."

"ஏன்?"

"போகாதை எண்டா போகாதை. அக்கா இருக்கிறாள்."

அப்பா முற்றத்தில் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா இருந்த பக்கம் திரும்பவேயில்லை. அப்பாவுக்கு அப்படியொரு கோபம் வந்து நான் கண்டதில்லை. அம்மா விடுதித் தொலைபேசியில் மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டிலிருக்கும் பெரியம்மாவுடன் குசுகுசுத்தார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஓமக்கா, இண்டைக்குக் காலமைதான். இந்த ஊரில நான் என்னத்தைச் செய்யிறது?"

எனக்கு விளங்கிவிட்டது. விரல் இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பழி அக்கா மேல் விழுந்துவிட்டது.

தண்டனை கடுமையாக இருந்தது. அறையை விட்டு வரக்கூடாது. தனித் தட்டு, தனிக் குவளை. குளத்தை நினைக்கவும் கூடாது. எல்லாவற்றிலும் மோசமானதற்கு என்னையே உடந்தையாக்கினார்கள்.

"தம்பி, குசினிக்குப் போய் மூண்டு முட்டை வாங்கிக்கொண்டு வா. அவிக்காத முட்டை, விளங்கிச்சோ?"

எங்கள் மொழிபெயர்ப்பாளர் அக்காதான். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை ஸ்பானிய மொழிபோலக் கொஞ்சம் இழுத்துப் பேசியே அங்கே எல்லாம் வாங்கிவிடுவாள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மருமகளுக்கு முன்னால் நின்று சிறகடித்தேன், கொக்கரித்தேன், கடைசியில் பின்பக்கத்தையும் காட்டினேன். அவர் முதலில் கோழியைப் பிடிக்கப் போனார்.

அம்மா முட்டையைக் குவளையில் உடைத்து ஊற்றினார். நல்லெண்ணெய்க்கு அங்கே எங்கே போவது? ஒலிவ் எண்ணெய்ப் போத்தலை நெடுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் எண்ணெய்தானே" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி அதையும் ஊற்றினார். கதவிடுக்கால் பார்த்தேன். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகியிருந்தாள். பச்சை முட்டையும் எண்ணெயும் குடிக்கவேண்டும், தகப்பன் முகத்தில் முழிக்கக்கூடாது என்பதெல்லாம் தொலைபேசியில் வந்த பெரியம்மாவின் உத்தரவு. ஆனால் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அறிந்ததெல்லாம், உடைத்தவன் வெளியே மாம்பழச்சாறு குடிக்கிறான், உடைக்காதவள் உள்ளே பச்சை முட்டை குடிக்கிறாள் என்பதுதான். நான் உண்மையைச் சொன்னால் அவள் நீந்தலாம். இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். நெஞ்சழுத்தம் என்று நினைக்க வேண்டாம், முட்டைக்குப் பயம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று உபசரித்துக்கொண்டிருந்தார். சோள ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"நான்தான். அக்காவை விடுங்கோ. முட்டையை நான் குடிக்கிறன்."

அப்பா குனிந்து பார்த்தார். "என்னடா இது?"

"விரல்."

"ஆரின்ர விரல்?"

வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே முன்பு உடைந்த நாலைந்து மர விரல்கள். ஒன்றை எடுத்து, முற்றத்தில் நின்ற மகனைச் சுட்டிக் காட்டினார். இன்னொன்றை எடுத்துத் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார். என்னுடையதையும் போட்டு மூடிவிட்டுக் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த இரண்டு நாளில் முதல்தடவையாக அப்பா சிரித்தார். "இஞ்சேருங்கோ, இவனை என்ன செய்யிறது?" என்று அம்மாவும் சிரித்தார். ஆனால் அக்காவை விடுவதற்கு ஒருவரும் எழும்பவில்லை.

விரலுக்குத் தண்டனையே கிடையாது. அப்படியென்றால் அக்கா இதைவிடப் பெரிதாக எதையோ உடைத்திருக்கிறாள்.

யன்னலடிக்குப் போனேன்.

"அக்கா, நீ என்னத்தை உடைச்சனி?"

"என்னடா சொல்லுறாய்?"

"சொல்லு. அதையும் நான்தான் எண்டு சொல்லுறன். எனக்கு அவை ஒண்டும் செய்யமாட்டினம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் வேறு ஏதோவாக மாறியது. யன்னல் கம்பிக்குள்ளால் கையை விட்டு என் தலையில் ஒரு குட்டுப் போட்டாள்.

"போடா விசரா. போய் நீந்து."

அம்மா கண்டுவிட்டார். "ஐயோ, தொட்டிட்டாளோ? போ, போய் முழுகிப்போட்டு வா!"

குட்டு வாங்கியவனையே முழுகவும் சொல்கிறார்களே என்று குழம்பியபடி ஓடிப்போய்க் குளத்தில் விழுந்தேன். அவ்வளவு தண்ணீரிலும் நான் ஒருவன்தான். யன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. அவளைப்போலத் தலைகீழாகப் பாய்ந்து காட்டினேன். வயிறுதான் முதலில் தண்ணீரில் அடித்தது. ஏறி வந்து திரும்பவும் பாய்ந்தேன். அவள் சிரிக்கவுமில்லை, கண்ணை எடுக்கவுமில்லை. என் பாய்ச்சலைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, வயிறு சிவக்கச் சிவக்கப் பாய்ந்துகொண்டே இருந்தேன்.