ஐப்பசியில் அவர்கள் போன மலைப்பாதை

வைத்திலிங்கம் போய்விட்ட செய்தியை அவருடைய மைத்துனர் முருகையாதான் கொண்டுவந்தார். தேக்கா சந்தையில் ஒரு கடைக்காரரோடு, அவர் கொடுத்த கத்தரிக்காய் முற்றல் என்று நான் வாதாடிக்கொண்டிருந்த நேரம். முருகையா தம் வாடகை மோட்டாரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு என்னை நோக்கி வந்தார்.

"அண்ணே, மச்சான் போயிட்டாரு. விடிஞ்சு காப்பி குடிச்சாரு, நாற்காலியில சாஞ்சாரு, அவ்வளவுதான்" என்றார்.

நான் அவரோடு வண்டியில் ஏறினேன். வைத்திலிங்கத்தின் வீட்டுவாசலில் இறங்கும்போதுதான் இரண்டு கத்தரிக்காய்கள் இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அந்த மனிதர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே என் மானத்தை வாங்கியிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்கள் சிராங்கூன் சாலையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோயில் திருவிழாவில் பந்தல் வேலையை முன்னின்று பார்த்தவராக உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் எதிர்மேசைக்காரர். ஆற்றங்கரைப் பக்கத்தில் இருந்த நில அளவை ஆபீஸில் பத்தொன்பது வருஷம் நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வரைபடம் வரைந்தோம். மலாய் நாட்டுக் காடுகளில் அளவெடுப்பவர்கள் பென்சிலில் குறித்து அனுப்பும் தாள்களின்மேல் மெழுகுத்துணியை விரித்து, மையால் படியெடுப்பது எங்கள் வேலை. ஆறு நீலம், வண்டி போகும் சடக்கு சிவப்பு, ஒற்றையடிப் பாதை கறுப்புப் புள்ளிக்கோடு. நான் வரைந்ததை அவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் என்னைவிட ஒரு படி மேல். அந்த ஒரு படியை வைத்துக்கொண்டு என்னை அதட்டியதில்லை, கேலி செய்வதோடு சரி.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காட்டிலிருந்து வரும் தாள் மழையில் நனைந்தோ, பூச்சி அரித்தோ, ஓர் இடம் தெளிவில்லாமல் இருந்தால் எங்களில் பலர் குத்துமதிப்பாகக் கோட்டைச் சேர்த்துவிடுவோம். ஆபீஸில் அதற்கு "ஒப்பேத்துறது" என்றே பெயர். திருப்பி அனுப்பிக் கேட்டால் பதில் வர இரண்டு மாதம் ஆகும் என்பதால் வந்த வழக்கம் அது. வைத்திலிங்கம் மட்டும் செய்ய மாட்டார். "தெரியாத இடத்தை வெள்ளையா விடும் ஓய். வெள்ளையை நம்பி எவனும் நடந்து போகமாட்டான்" என்பார். மேலே இருந்த துரை அவசரப்படுத்தியபோதும் அப்படியே வெள்ளையாக விட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி பெயர் தையல்நாயகி. வைத்தீசுவரன் கோயில் சாமியும் அம்மனும் போல வைத்திலிங்கம், தையல்நாயகி என்று பெயர்ப் பொருத்தத்துக்காகவே கட்டிவைத்தார்கள் என்று நான் சொல்வேன். "சாமிக்குக் கோயில் இருக்கு, எங்களுக்கு வாடகை வீடுண்ணே" என்பார் அந்த அம்மாள். பிள்ளை இல்லை. அது அவர்களுக்குள் எவ்வளவு பெரிய துக்கமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று பேரும் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். தையலம்மாள் பேசப் பேச, மனுஷர் புதுமாப்பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அந்த அம்மாள்தான் கேட்டார். "ஏண்ணே, தினமும் மலை மலைன்னு வரையுறாரே, இவரு மலையைப் பாத்திருக்காரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்திலிங்கம் தஞ்சாவூர்ச் சமவெளியில் பிறந்து, கப்பலேறி, நேரே இந்தத் தீவில் இறங்கியவர். மலை என்று அவர் கண்டது இங்குள்ள சின்னக் குன்றான புக்கிட் தீமா ஒன்றைத்தான்.

"பாக்காட்டி என்ன? அளவு தெரியும்" என்றார் அவர்.

"அளவு தெரிஞ்சா போதுமா? என்னை நீங்க அளவு பாத்தா கட்டிக்கிட்டீங்க?" என்றார் அம்மாள்.

தீவை மலாய் நாட்டோடு இணைக்கும் ஜோகூர்ப் பாலம் திறந்து வண்டிகள் நேராகப் போகத் தொடங்கிய காலம் அது. தீபாவளிக்குப் பிறகு பத்து நாள் லீவு எடுத்து, இருவரும் பஹாங் மலைப்பக்கம் மோட்டாரில் போய்வருவது என்று முடிவாயிற்று. முருகையா தம் வண்டியை அக்காவுக்காகக் கொடுத்து, மச்சானுக்கு ஓட்டவும் பழக்கிவிட்டார். மலை ஏறிப் பழக வேண்டும் என்று நான்கு ஞாயிறு புக்கிட் தீமாவில் ஏறி இறங்கினார்கள். தையலம்மாள் அதற்கென்று கான்வாஸ் சப்பாத்து வாங்கிக்கொண்டார். கண்டாங்கிச் சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தோடு அவர் நடந்துபோனதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "சிரிக்கட்டும் லா, கால் என்னுது" என்று அவர் பாட்டுக்குப் போனார். ஐப்பசி அடைமழை என்று நான் தடுத்துப் பார்த்தேன். "மழைக்குப் பயந்தா இந்த ஊருல துணி காயப்போட முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

போன கதையைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். சிரம்பானில் ஒரு நாள், குவாலா குபுவில் ஒரு நாள் தங்கியிருக்கிறார்கள். வண்டி சூடேறும்போதெல்லாம் நிறுத்தி, ஓடைத்தண்ணீர் ஊற்றி, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டங்கள் முடிந்து மலை எழும்பும் வளைவில் வைத்திலிங்கம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாராம். "தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, சன்னிதியில நிக்கிற மாதிரி நின்னாருண்ணே. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை" என்று திரும்பி வந்தபின் படுக்கையில் இருந்தபடி தையலம்மாள் சொன்னார். அவர் என்னிடம் முழுதாகச் சொல்லி முடித்த கடைசிக் கதை அது.

இனி நான் சொல்லப்போவதை ஆறு வருஷமாக அவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதுவது எனக்கு அசிங்கம்.

அவர்கள் கையில் கொண்டுபோனது எங்கள் ஆபீஸ் வரைபடம். அந்த மலையின் தாளைப் படியெடுத்தவன் நான். முந்தின வருஷம், தீபாவளிக்கு முதல் நாள் அதை முடித்தேன். காட்டிலிருந்து வந்த தாளில் ஓர் ஓடையின் பக்கம் தண்ணீர்க் கறை. கறைக்கு இந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை வந்து நின்றது. அந்தப் பக்கம் உச்சியை நோக்கி ஒரு பாதை போயிற்று. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஏழெட்டுப் புள்ளிகளை வைத்துச் சேர்த்துவிட்டேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியிருக்கும், வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். எல்லோர் தாளையும் வரிவரியாகப் பார்க்கும் வைத்திலிங்கம், என் தாள் என்பதால் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கப் போனேன். தையலம்மாள் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார். மழையில் ஐந்து மணி நேரம் ஈரச்சேலையோடு அலைந்து காய்ச்சல் கண்டுவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "அண்ணே, உங்க ஆபீஸ் பாதை ஓடையோட நின்னுபோச்சு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"பேசாதே தையல், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று வைத்திலிங்கம் அவரைப் படுக்க வைத்தார்.

எந்த ஓடை என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, கார்த்திகை பிறந்த இரண்டாவது வாரம் அந்த அம்மாள் போய்விட்டார். சுடுகாடு வரைக்கும் நானும் ஒரு பக்கம் பாடை பிடித்து நடந்தேன். வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்தத் துணிப்படியை அலமாரியிலிருந்து எடுத்தேன், என் புள்ளிகளைச் சுரண்டிவிடலாம் என்று. விரித்துப் பார்த்தால் அவை ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தன. ஓடையின் இரு பக்கமும் வெள்ளை. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில், பாதை சரிபார்க்கப்படவில்லை என்ற குறிப்பு. யாரிடமும் சொல்லாமல், என் பெயரை எங்கும் எழுதாமல் அதைச் செய்துவைத்திருந்தார்.

அன்று மாலையே ஆற்றங்கரையில் அவரை நிறுத்திச் சொன்னேன். "அந்தப் பாதையைச் சேத்தது நான்தான்."

"தெரியும் ஓய். உம்ம புள்ளி எனக்குத் தெரியாதா? மத்தவங்களோடதைவிட அது கொஞ்சம் நீளம்" என்றார். நான் அழுதேன். படகுக்காரர்கள் பார்த்தார்கள். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கடையில் உட்கார வைத்துத் தேநீர் சொன்னார்.

"நடேசரே, இதைக் கேளும். ஓடைகிட்ட வந்ததுமே பாதை இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மணி பதினொண்ணுகூட ஆகலை. திரும்பிடலாம்னுதான் நான் சொன்னேன். அவதான் கேக்கலை. இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சியைப் பாக்காம போறதான்னா. வேரைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறிட்டோம் ஓய். மேகமெல்லாம் காலுக்குக் கீழே. தூரத்துல ரெண்டு ஆறு ஒண்ணா சேருறது தெரிஞ்சுது. ஒரு பாறையில உக்காந்து சப்பாத்தைக் கழட்டித் தண்ணியை வடிச்சா. நீங்க வரைஞ்சதைவிட இது பரவாயில்லைன்னு சொல்லிச் சிரிச்சா. இறங்கும்போதுதான் மழை பிடிச்சுது. அது அவ ஆசைப்பட்டு ஏறினது. உம்ம புள்ளிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

என் நெஞ்சில் இருந்த கல் அன்று இறங்கியது. அதன் பிறகு அவர் என் தாள்களையும் வரி விடாமல் பார்த்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் இருவராகத் தொடர்ந்தது. தூக்கம் வராதபோதெல்லாம் அந்தப் பாறையில் தையலம்மாள் உட்கார்ந்து சிரிப்பதை நினைத்துக்கொள்வேன். அந்த அம்மாள் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அப்படித்தான் ஆறு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீஸுக்குப் போனேன்.

போன வாரம் வைத்திலிங்கத்தின் பதினாறாம் நாள். சடங்கு முடிந்து, இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் முருகையாவும் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ரெண்டு பேரும் சேந்து அந்த உச்சியையாவது பாத்தாங்களே, அது போதும்" என்றேன்.

முருகையா நிமிர்ந்து பார்த்தார். "எந்த உச்சிண்ணே? மேல ஏறவே இல்லையே. அக்கா படுத்திருந்தப்ப நான்தானே பக்கத்துல இருந்தேன். படத்துல பாதை இருக்கு, இங்கதான் எங்கேயோ இருக்கணும்னு ஓடைக்கரையிலேயே தேடியிருக்காங்க. மழை கொட்டி, வந்த வழியும் தெரியாமப் போச்சாம். கடைசி வரைக்கும் அக்கா அதையேதான் சொல்லிச்சு. இவ்வளவு தூரம் போயும் உச்சியைப் பாக்கலையேன்னு."

அவருக்கு விஷயம் தெரியாது. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்த கதை மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாத்திரங்களை அடுக்க எழுந்து போனார்.

தெரியாத இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்காத மனிதர், தேநீர் ஆறும் நேரத்துக்குள் எனக்காக ஒரு மலையுச்சியையே வைத்துவிட்டார். மேகம், ஆறு, பாறை எல்லாம். அதுவும் எப்போது? மனைவியை எரித்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது, அந்த மனைவியின் ஆசை நிறைவேறவில்லை என்று தெரிந்துகொண்டே. மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தவறு என்னுடையதுதான் என்று ஆகிவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ. இனி யாரிடம் கேட்பது?

அவருடைய நினைவாக உங்களில் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது அவர்கள் இருவரும் ஏறாத அந்த உச்சி. நடக்காதது என்று தெரிந்த பிறகும் அதை விட எனக்கு மனம் வரவில்லை. அவர் கொடுத்தது, வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதையை வைத்தவன் நான். தையல்நாயகி அம்மாளை மழையில் அலைய விட்டவன் நான். அவர் எனக்காக மறைத்ததை, அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் என் பெயரோடு எழுதிவைக்கிறேன்.