சாமுவேல் அண்ணாச்சியின் கண்ணாடி

துறைமுக வாசலில் லாரிக்குப் பாஸ் வாங்க நின்றபோது போன் வந்தது. "சாமுவேல் அண்ணாச்சி போயிட்டாவ. காலையில நெஞ்சு வலிக்குன்னாவளாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு." பாஸை வாங்காமலேயே கிளம்பிவிட்டேன்.

தூத்துக்குடியில் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்ற ஆசைப்பட்ட பலருக்கும் அவரைத் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறை அவருடையது. யாருக்கு லேசர் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதை டாக்டர் சொல்லும் முன்பே அவர் முகம் சொல்லிவிடும். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு ஓடிவரும் பெண்களிடம், "ஒரு வருசமாவது பவர் மாறாம நிக்கணும்மா. அதுவரைக்கும் மாப்பிள்ளையக் காத்திருக்கச் சொல்லு" என்பார்.

என் கதை வேறு. நான் தருவைகுளத்துக்காரன். கப்பலில் டெக் வேலைக்குச் சேர வேண்டும், அதற்குக் கண்ணாடி இல்லாத பார்வை வேண்டும். அண்ணாச்சி என் கண்ணை மெஷினில் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ஏலே அந்தோணி, கருவிழி மெலிசா இருக்கு. கீழ லேசாப் பிதுங்குது. தொட்டா கெட்டுரும். வேண்டாம்." அங்கேயே அழுதுவிட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எனக்கும் இதே கதைதான்ல. நமக்குக் குடுத்து வச்சது இவ்வளவுதான்" என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் அவரிடம் ஒட்டிக்கொண்டேன். கப்பலேறிய கூட்டாளிகள் லீவில் வரும்போதெல்லாம் வயிறெரிந்து அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி, என் மைனி, காப்பி கொடுப்பார். அண்ணாச்சி என்னோடு சேர்ந்து எங்கள் இருவர் கண்ணையும் திட்டுவார். திட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

அடக்கத்துக்கு முன் அந்த வீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்து அழுதேன். பிறகு மேசையில் கைக்கு அகப்பட்ட கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எதிரே இருந்த முகங்கள் தெளியவில்லை. கண்ணீர் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"அது உங்க அண்ணாச்சிக்குள்ளது தம்பி," என்றார் மைனி. "அதுல பவர் கிடையாதுல்லா, வெறும் கண்ணாடி. அவுக கல்யாணத்துக்கு முந்தியே லேசர் பண்ணிட்டாவ. கண்ணாடி போட்டவன் வேண்டாம்னு சொன்னாத்தான் சனம் கேக்கும்பாவ."

இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிந்த மனிதர் நடித்திருக்கிறார். நான் முட்டாளாக நம்பியிருக்கிறேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன், மண் போடக்கூட நிற்கவில்லை.

பயம் பிறகுதான் வந்தது. அது பொய்யென்றால், என் கருவிழியைப் பற்றிச் சொன்னது? ஒரு பொய்யை நம்பியா கப்பலை விட்டேன்? மதுரைக்குப் போய் வேறொரு ஆஸ்பத்திரியில் சோதித்தேன். கருவிழியின் படத்தைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "நல்லவேளை, லேசர் பண்ணல. பண்ணியிருந்தா இன்னும் பிதுங்கிப் பார்வை போயிருக்கும். அப்பவே யாருங்க கண்டுபிடிச்சது?"

பெயரைச் சொன்னேன். கோபம் மட்டும் குறையவில்லை.

அண்ணாச்சியைத் தெரிந்த உங்களிடம் இதை மறைக்க மனம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்தப் பார்வையும் இந்தக் கோபமும்தான். என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். வேறு யார் வீட்டுக்குப் போவேன்?