தம்பிக்குப் போன் போட மறுத்தவர்

நெஞ்சை அடைக்கிறது என்று போனால் மருந்து தர வேண்டும். அதுதானே முறை? கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக் டாக்டர் வயிற்றில் கேஸ் என்றார், மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிற இதயம் எதற்கு ஆபீஸ் நாற்காலியில் என்னை இந்தப் பாடு படுத்துகிறது என்று கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் இருக்கிறார், மனசுவிட்டுப் பேசிப் பாருங்கள் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! போர்ட் கிள்ளானில் தினமும் லோரிக்காரர்களையும் கப்பல் கம்பெனிக்காரர்களையும் கட்டி மேய்க்கிறவள் நான். என்னைப் பார்த்தா பைத்தியம் என்கிறார்கள் என்று வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன்.

கணவர்தான் தொணதொணத்து அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி, ரயில் பிடித்து, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, வியர்க்க விறுவிறுக்க நடந்து, ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அங்கே இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். டாக்டர் என்று கூப்பிட்டேன். நான் டாக்டர் இல்லை, பெயரைச் சொல்லியே கூப்பிடலாம் என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை டாக்டர்தான்.

கேள்விகளைக் கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். எப்படித் தூங்குகிறீர்கள், சாப்பிடும்போது கூட யார் உட்காருவார்கள், கோயிலில் நின்று என்ன கேட்பீர்கள், கடைசியாக யார் முன்னால் அழுதீர்கள். நெஞ்சு வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேராகவே கேட்டேன். உடம்பு, மனசு, குடும்பம் என்று தனித்தனியாக எடுத்துப் பார்க்கிற வழக்கம் தனக்கு இல்லை என்றார். மனிதர்களுக்குக் காயம் படுவதும் மனிதர்களால், ஆறுவதும் மனிதர்களால், அதனால் இந்த அறையில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்றார். நமக்கு நடுவில் என்ன பெரிதாக நடக்கிறது, நான் பேசுகிறேன், நீங்கள் தலையாட்டுகிறீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் தலைவலி என்ன என்று எனக்குத் தெரியும். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வரவேண்டியவன் தாய்மாமன். எனக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. அவன் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை போட்டோமா என்றால் அதுவும் இல்லை. அப்பா கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான். தம்பி வீடு சுங்கை வேயில், தொலைதூரம் ஒன்றும் இல்லை. ஓவர்டைம் என்பான், ரோட்டில் ஜாம் என்பான், எப்போதாவது வந்து கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அப்பா செத்த அன்றைக்குக் கொள்ளி வைத்தவன் அவன். மகன் கடமையைச் செய்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் அவனைக் கட்டிப் பிடித்து அழுதபோது நான் சமையலறையில் வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கருமாதிக்குப் பிறகு நான் போன் போடவில்லை, அவனும் போடவில்லை. அப்படியே நின்றுபோனது.

கல்யாணத் தேதி குறித்ததும் எங்கள் வழக்கப்படி பெரியப்பாவைத் தூது அனுப்பினோம். தட்டோடு போனவருக்கு டீ கொடுத்து, பாக்கலாம் லா என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். எங்கள் ஆட்களிடம் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உடனே ஆளாளுக்கு யோசனை. கேரி தீவில் சித்தி மகன் இருக்கிறான், அவனும் மாமன்தானே, அவனை நிற்க வைத்தால் போச்சு என்றார்கள். என் மகள் கைபேசியிலிருந்து தலையைக்கூட எடுக்காமல், யாராவது ஒரு மாமா போதும் லா என்றாள். அவளை அறைந்திருப்பேன். எனக்கு வேண்டியது யாராவது ஒரு மாமா இல்லை. இப்போது அவன் வந்து நிற்காவிட்டால் எனக்குத் தம்பியே இல்லை என்று ஊர் முன்னால் முடிவாகிவிடும். அந்த நினைப்பு வந்தாலே மூச்சு முட்டியது.

அடுத்த வியாழக்கிழமை மாடியேறியதும் விஷயத்துக்கு வந்தேன். தம்பியின் நம்பரைக் காட்டினேன். "நீங்க ஒரு போன் போட்டுப் பேசுங்க டாக்டர். படிச்சவங்க சொன்னா கேப்பான்," என்றேன்.

"நான் பேச மாட்டேன்," என்றார். "உங்களுக்கு அவர்கிட்ட சொல்ல இருக்கிறத நான் சொல்ல முடியாது. என்ன சொல்லணும்னு இருக்கு உங்களுக்கு?"

என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் நான் எதற்கு இவரிடம் வருகிறேன்? கல்யாணத்துக்கு வாடா என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்ல இவருக்கு என்ன கேடு? ஆனாலும் வெளியே காட்டவில்லை. காட்டாததோடு விட்டிருக்கலாம். இவரோடு உறவு நெருங்கினால் மனசு இளகிப் பேசுவார் என்று கணக்குப் போட்டு, அதற்கடுத்த வாரம் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் பையில் வைத்து, ரயிலில் கசங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு போய், அவருக்குப் பத்திரிகை வைத்தேன்.

இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். ரொம்ப சந்தோஷம் என்றார். அப்புறம் வர முடியாது என்றார். இந்த அறையில் என்னோடு முழுசாக இருக்க வேண்டுமானால் வெளியே என் விருந்தாளியாக இருக்கக் கூடாதாம், அது அவர் தொழில் முறையாம்.

எங்கள் சனத்தில் பத்திரிகை வைத்தால் யாராவது முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வராதவர்கள்கூடக் கட்டாயம் வரேன் என்பார்கள், வராமல் இருந்துவிடுவார்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் சிரித்த முகமாகப் பரவாயில்லை டாக்டர் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். கீழே பூக்கடைக்காரம்மா மல்லிகை வேண்டுமா என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

அப்புறம் நான் போகவில்லை. ஒரு வாரம் காய்ச்சல் என்று மெசேஜ் போட்டேன், மறுவாரம் ஆபீசில் வேலை என்றேன். கணவர் கேட்டபோது அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் ஒரு கண்டெய்னர் துறைமுக கேட்டில் மாட்டிக்கொண்டு, லோரிக்காரனோடு போனில் கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு பூட்டிக்கொண்டது. பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். வேறு வழி தெரியாமல்தான் மறுபடி ரயிலேறினேன்.

உட்கார்ந்ததும் அவர், என்மேல் உங்களுக்குக் கோபம் என்று நினைக்கிறேன், அதை இங்கேயே சொல்லலாம் என்றார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். அவர் பேசாமல் காத்திருந்தார். அவர் காத்திருப்பதைப் போல எரிச்சலான விஷயம் உலகத்தில் கிடையாது. மின்விசிறியைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன், கடைசியில் வெடித்துவிட்டேன்.

"தட்டைத் தூக்கிட்டு ரயில்ல வந்தேன். மூஞ்சிக்கு நேரா வர மாட்டேன்னு சொல்றீங்க. இதுக்கு என்ன பெரிய உறவு, சிகிச்சைன்னு பேச்சு? எல்லாத்தையும் நான் ஒருத்தியே தூக்கிச் சொமக்கணும், ஒருத்தரும் வர மாட்டீங்க. எனக்குன்னா மட்டும் ஒருத்தருக்கும் நேரம் இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், கடைசி இரண்டு வாக்கியமும் இவருக்குச் சேர வேண்டியது இல்லை என்று எனக்கே உறைத்தது. அவரும் அதைக் கவனித்திருப்பார், ஆனால் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் மறுத்தது உங்களை நோகடித்திருக்கிறது, அது எனக்குப் புரிகிறது என்றார். ஆனாலும் கல்யாணத்துக்கு வரமாட்டேன், அடுத்த வியாழக்கிழமை இங்கே இருப்பேன் என்றார். இவ்வளவு கத்திய பிறகாவது ஒரு பேச்சுக்கு வரேன் என்று சொல்லக் கூடாதா? ஆனால் முகம் சுளிக்கவில்லை, எழுந்து போகவில்லை. நான் ஒருவரைத் திட்டி, அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கீழே இறங்கியதும் அகோரப் பசி. மூலைக் கடையில் தோசை சாப்பிட்டேன், இன்னொன்றும் சொன்னேன். இந்தப் பெண் செய்வது பலிக்கிறதே என்பது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

அந்த வாரம் நானே தம்பிக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கவில்லை. அப்பாவை என் தலையில் கட்டிவிட்டு நீ வரவில்லை, எனக்கு உன்மேல் கோபம், கல்யாணத்துக்கு நீதான் நிற்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் வேலை செய்கிற இடத்து மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வரேன் என்று ஒரு சொல், போனை வைத்துவிட்டான். இது எந்த வரேன் என்று தெரியாமல் கல்யாணம் வரைக்கும் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

வந்தான். வேட்டி கட்டி, மாலை கொண்டுவந்து, என் மகள் கையைப் பிடித்து அழைத்து வந்து மணையில் உட்காரவைத்தான். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூலிக்கு ஆள் பிடித்த மாதிரி நின்றான். தான் போய்ப் பேசியதால்தான் வந்தான் என்று பெரியப்பா பந்தியில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தாயா என்று பெண்கள் என் தோளைத் தட்டினார்கள். எனக்கு உள்ளே கொதித்தது. சாப்பாடு முடிந்ததும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புவதைப் பார்த்துவிட்டேன். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்து கார் பார்க்குக்கு ஓடினேன்.

"மாமன் வேலை முடிஞ்சிச்சா? கெளம்பிட்டியா?"

திறந்த கார்க் கதவை அறைந்து சாத்தினான். "நான் வந்தா நீ என்ன செஞ்ச? கதவத் தொறந்துவிட்டு, டீய வச்சிட்டுப் போயிருவ. ஒரு வாய் கஞ்சி என்னைய ஊட்ட விட்டியா? இப்படிப் புடி, அப்படிப் புடிக்காதன்னு கையிலேருந்து புடுங்குவ. என் அப்பாவப் பாக்க விருந்தாளியா வரணுமா நான்?"

இன்னும் நிறையச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னான். நானும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். சத்தம் கேட்டுப் பெரியப்பா ஓடிவந்து, கல்யாண நாளில் இதென்ன அசிங்கம் என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தார். விடுங்க பெரியப்பா, அவன் பேசட்டும் என்றேன்.

தம்பி பெரியப்பாவின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். "கடைசியில அப்பா என்னைக் கேட்டாரா?" என்றான்.

கேட்டாருடா, தினமும் கேட்டாரு என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அழுது, சமாதானமாகி, காரேறிப் போய்விடுவான், திரும்பவும் இரண்டு வருஷம் பேச்சு இருக்காது.

"இல்ல," என்றேன். "என்னையும் கேக்கல. என்னைய ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸின்னு நெனச்சிட்டு இருந்தாரு. நான் துணி மாத்துற நேரமெல்லாம், ரொம்ப நன்றி மிஸ்ஸி, உங்க வீட்ல புள்ளைங்க நல்லா இருக்கணும்னு சொல்வாரு. சாகுற வரைக்கும் நான் யாருன்னே அவருக்குத் தெரியலடா."

இதை நான் கணவரிடம் சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸ் மாடியிலும் சொன்னதில்லை. தம்பி அப்படியே காரில் சாய்ந்துவிட்டான்.

"சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்றான்.

"வந்திருக்கலாம்ல?" என்றேன்.

போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.