செல்லம்மாவை வேதபாடத்திலிருந்து எடுத்த கதை

தாம்பரம் மார்க்கெட்டில் பாப்பாவைத் தெரியாதவர் இல்லை. "வஞ்சரம் வாங்கினு போ சார், காலைல வரைக்கும் நீந்திக்கினு இருந்துச்சு!" என்று அவள் கூவினால் ரயிலுக்கு ஓடுகிறவர்கூட நின்றுவிடுவார். கோவளத்தில் பிறந்து, கடப்பேரியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் கூடையைத் தூக்கியவள். மிச்சம் இருந்தது ஒரே மகள், செல்லம்மா. அவளையும் எண்பத்தேழாம் வருஷம் பேபி டீச்சர் கொத்திக்கொண்டு போய்விட்டார்.

வேறெங்கும் இல்லை, வகுப்புக்குத்தான். மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு பைபிள் கதை சொல்லி வேதபாடம் எடுப்பவர் பேபி டீச்சர். வீட்டில் செல்லம்மா வாயைத் திறந்தால் அவர் புராணம்தான்.

"டீச்சர் மாதிரி யாராலயும் கதை சொல்ல முடியாதும்மா. டீச்சர் புடவைல சோப்பு வாசனை."

பாப்பா தன் முந்தானையை ரகசியமாக மோந்து பார்த்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

ஒருநாள் வாடிக்கைக்காரர் சுப்பராயலு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார். "எம் பையனுக்கு வேதபாடம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா. பெத்தவங்க வேணாம்னா பள்ளிக்கூடம் கட்டாயப்படுத்த முடியாது."

வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகிற பாப்பாவுக்கு வேதத்தோடு என்ன சண்டை? ஆனாலும் மனசு குளிர்ந்தது. எழுதத் தெரியாததால் மகளையே உட்காரவைத்தாள்.

"காரணம் இன்னான்னும்மா எழுதறது?"

"வோணாம்னா வோணாம். எழுதுடி!"

செல்லம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். பாப்பா கைநாட்டு வைத்தாள்.

தலைமையாசிரியை படித்துவிட்டு, "இது உங்க உரிமைம்மா" என்றார்.

"அப்டியே கணக்குலருந்தும் எடுத்துடுங்கம்மா. அதுவும் அந்த டீச்சர்தானாமே?"

"கணக்குக்கு இந்த உரிமை கிடையாதும்மா."

அடுத்த புதன்கிழமை, வேதபாட நேரத்தில், பாப்பா வியாபாரத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் எட்டிப் பார்த்தாள். சுப்பராயலு மகன் வராந்தா நிழலில் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். செல்லம்மா வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, உச்சி வெயிலில், காதைச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். உள்ளே டீச்சரின் கதை ஓடிக்கொண்டிருந்தது.

பாப்பா நேரே தலைமையாசிரியையிடம் போனாள். "அந்தக் காயிதத்தக் குடுத்துடுங்கம்மா. புள்ள வெயில்ல கருவாடாப் பூடும்."

செல்லம்மா அம்மாவைத் திரும்பியும் பார்க்காமல் வகுப்புக்குள் ஓடினாள். பேபி டீச்சர் வாசலுக்கு வந்து பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிப்பப் பாரு!" பாப்பா கூடையைத் தூக்கினாள். "கணக்குல ஒரு மார்க் கொறயட்டும், அப்போ கீது இந்த அம்மாவுக்கு."