கேசட்டில் பதிந்த சிரிப்பு

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த கணவருக்கு நான் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவேன். ஒருமுறை, கும்பகோணத்தில் பார்த்த சிரிப்புப் படத்தின் முடிவைச் சொன்னேன். வேலை தெரியாத கொத்தனார் கையாள் சாரத்திலிருந்து சிமெண்ட் கலவைக்குள் விழுந்து, முகத்தை வழித்துக்கொண்டு எழுந்து நிற்பான். "வயல்ல ஏர் ஓட்டுனவரு, நீங்களும் அங்க இப்படித்தானே விழுந்து கெடப்பீங்க!" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பாவிச் சிரிப்பும் சேர்ந்தே பதிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் கேசட் வந்தது. மழை, நடவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "நானும் விழுந்துட்டேன் புள்ள. ஆஸ்பத்திரியிலதான் உன் கேசட்டக் கேட்டேன். இடுப்புக்குக் கீழ அசையல."

இப்போதும் டிவியில் அந்தப் படம் வந்தால், முடிவதற்குள் நிறுத்த ஓடுவேன். கட்டிலில் படுத்தபடி அவர் தடுப்பார்.

"ஓடட்டும் விடு. அவனாவது எந்திரிக்கட்டும்."